மெதிலீன் நீலம் வெளிறினால் போதுமா? தைத்தேனியம் நனோவும் அல்ட்ராசவுண்டும்

நிலாவெளி_வேதி:
சோனோடைனமிக் சிகிச்சை (துணிக்கையை ஒலியலையால் தூண்டிப் புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் முறை) பற்றிய இறுதியாண்டு ஆய்வு. 25 நனோமீற்றர் தைத்தேனியம் ஈரொட்சைட்டு, பிசியோதெரபி அல்ட்ராசவுண்ட் மெஷின் (1 மெகாஹேர்ட்ஸ், சதுர சென்ரிமீற்றருக்கு 1 வாட்). மூலிகம் (கலத்தைத் தாக்கும் தாக்குதிறன் கூடிய துணுக்கு) உண்டாகுதா என்று பார்க்கப் போட்ட மெதிலீன் நீலச் சாயம் 30 நிமிடத்தில் 40 வீதம் வெளிறுது. புற்றுநோய்க் கலங்களில் போட முன் இது போதுமா? மற்றது, புல்மோட்டைக் கடற்கரை மணலில் உள்ள ரூட்டைலை (தைத்தேனியம் ஈரொட்சைட்டுக் கனிமம்) அரைத்துப் பாவிக்கலாமா?

உவர்மலை:
போதாது. நீலம் துணிக்கையில் ஒட்டும். அதோட 387 நனோமீற்றருக்குக் கீழான ஒளி பட்டாலே தைத்தேனியம் சாயத்தைத் தின்னும். யன்னலோர மேசையில திருகோணமலை வெயிலே பாதி வேலையை முடிச்சிருக்கும்.

50 மில்லிலீற்றர் நீருக்கு 5 மில்லிகிராம் துணிக்கை, 0.16 மில்லிகிராம் நீலம். முகவையை அலுமினியத் தாளால் சுற்றி 30 நிமிடம் இருட்டில கலக்குங்கோ. நேரத்தைப் பூச்சியத்தில் இருந்து எண்ணுறது அதுக்குப் பிறகுதான். மாதிரியை மையநீக்கம் செய்யாமல் 664 நனோமீற்றரில் வாசிச்சால் துணிக்கை சிதறடிக்கும் ஒளியும் உறிஞ்சலாகத் தெரியும். ஒலி மட்டும், துணிக்கை மட்டும், இரண்டையும் தனித்தனியா ஓட்டுங்கோ.

ஐதரொட்சைல் மூலிகத்தைக் கண்டுபிடிக்க தெரப்தலிக் அமிலம் நம்பகமானது, மூலிகத்தோட சேர்ந்து உண்டாகும் விளைபொருள் 425 நனோமீற்றரில் ஒளிரும். டிஎம்எஸ்ஓ, எதனோல் ஆகிய கரைப்பான்கள் கிட்டவும் வரக்கூடாது. இரண்டும் மூலிகத்தை விழுங்கிவிடும்.

அலைநீளம்:
கலத்தட்டில் (கலம் வளர்க்கும், கிணறு எனப்படும் குழிகள் உள்ள தட்டு) போடேக்கதான் உண்மையான தலையிடி. 1 மெகாஹேர்ட்ஸுக்கு நீரில் அலைநீளம் 1.5 மில்லிமீற்றர். திரவத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டதும் ஒலி அப்படியே திரும்பி நிலையலையாகும். ஒரே கிணற்றுக்குள்ள ஒரு இடம் சாகும், பக்கத்து இடம் தப்பும். கிணற்றை விளிம்பு வரை நிரப்பி, குமிழி இல்லாமல் படலம் ஒட்டி, மேலே நீரும் ஒலியுறிஞ்சும் ரப்பரும் வையுங்கோ. ஒலி வரும் தலை 5 சதுர சென்ரிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் வரை ஒலிப்புலம் மேடுபள்ளம், தட்டை அதுக்கு அப்பால் வைக்கிறது நல்லது.

தலைக்கும் தட்டுக்கும் இடையில் உள்ள தொட்டி நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கோ, கரைந்த காற்று போகும். மாதிரியை மட்டும் அப்படிச் செய்யாதீங்கோ. மூலிகம் தரும் குமிழ் உருவாக அதுக்குள்ள வாயு வேணும். வெப்பநிலையும் பதியுங்கோ. 42 பாகையில் கலம் சூட்டாலேயே சாகும்.

கொக்கிளாய்ப்பக்கம்:
புல்மோட்டை மணலை விடுங்கோ. ரூட்டைலோட இல்மனைட்டும் சிர்கோனும் கலந்து கிடக்கு. இல்மனைட் என்றால் இரும்பு. உருக்குக் குண்டு ஆலையில அரைச்சால் தேய்மானத்தால இன்னும் இரும்பு சேரும். அல்ட்ராசவுண்ட் நீரில் உண்டாக்குற ஐதரசன் பேரொட்சைட்டோட இரும்பு தாக்கமடைஞ்சு தானே மூலிகம் தரும். கலம் சாகும், எதால செத்தது என்று சொல்லேலாது.

வாங்கிய பொடியென்றாலும் ஊடகத்தில் போட்டதும் திரளும். நீரில் பிரோப் சொனிக்கேற்றரால் (அல்ட்ராசவுண்டால் கலக்கும் கோல்) பிரிச்சு, பெக் (பொலிஎதிலீன் கிளைக்கோல்) பூசி, பிறகு சீரம் உள்ள ஊடகத்தில் விடுங்கோ. கண்ணாடிக் குப்பியின் அடியில் வெள்ளை வளையம் படிஞ்சால் அந்தத் தொகுதியைக் கொட்டுங்கோ.