மெமரி கார்டை இன்டர்னலாக மாற்றி ஆப் ஏற்றலாமா, கூடாதா?

தென்றல்:
16 ஜிபி, 32 ஜிபி போன் வைத்திருப்பவர் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்து கேட்டால், உடனே கிடைக்கும் பதில் "கார்டில் ஆப் போடாதீங்க, வேற போன் வாங்குங்க" என்பதுதான். இதை நான் ஏற்கவில்லை. கார்டை இன்டர்னலாகவே, அதாவது போனின் சொந்த நினைவகம் போலவே, ஃபார்மட் செய்யும் வசதி 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0-உடன் வந்துவிட்டது. கார்டில் ஓட அனுமதிக்கும் ஆப், அதன் டேட்டா, போட்டோ, வாட்ஸ்அப்பில் குவியும் வீடியோ எல்லாவற்றையும் கார்டுக்குக் கொண்டுபோகலாம். நல்ல கார்டின் விலை எங்கே, புது போனின் விலை எங்கே? கையில் காசு இல்லாதவரிடம் இருக்கிற வழியைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பட்டறைக்காரர்:
போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன் தம்பி, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இன்டர்னலாக ஃபார்மட் செய்த கார்டில் எழுதப்படும் எல்லாமே பூட்டப்பட்ட நிலையில்தான் (ஏஇஎஸ் 128 பிட் என்ற குறியாக்க முறையில்) இருக்கும். சாவி அந்தப் போனுக்குள். போன் தண்ணீரில் விழுந்து போர்டு போய்விட்டால் கார்டு நன்றாக இருந்தும் பயனில்லை. கணினியில் போட்டால் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் சாவி போய்விடும். "கார்டைக் கழற்றிக் கொண்டுவந்திருக்கேன், கல்யாண போட்டோவை மட்டும் எடுத்துக் கொடுங்க" என்று நிற்பவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரணமாகப் போட்ட கார்டு என்றால் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

தென்றல்:
போன் போனால் இன்டர்னலில் இருப்பதும் போகத்தானே செய்யும் அண்ணே? அதற்காக யாரும் இன்டர்னலில் போட்டோ வைக்காதே என்று சொல்வதில்லையே.

பட்டறைக்காரர்:
சரி, ஆனால் இங்கே ஆபத்து இரண்டு மடங்கு. போன் கெட்டாலும் போச்சு, கார்டு கெட்டாலும் போச்சு. இரண்டில் கார்டுதான் முதலில் கெடும். படம், பாட்டு வைத்திருக்கும் கார்டில் எப்போதாவதுதான் எழுதுகிறோம். ஆப் ஓடும் கார்டில் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். மலிவுக் கார்டு அதைத் தாங்குவதில்லை.

பழைய ஆண்ட்ராய்டு:
கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், இரண்டு வேறு ஏற்பாடுகள் ஒன்றாகக் கலக்கின்றன. 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோதுதான் "கார்டுக்கு மாற்று" பொத்தான் முதலில் வந்தது. அதில் ஆப்பின் ஒரு பகுதிதான் கார்டுக்குப் போகும். டேட்டாபேஸ் எல்லாம் போனிலேயே தங்கிவிடும். அதனால் பத்து ஆப்பை மாற்றினாலும் இடம் அவ்வளவாகக் கிடைக்காது. 200 எம்பி-கூட இல்லாத போன்களை வைத்துக்கொண்டு, கார்டில் தனிப் பார்ட்டிஷன் (தனிப் பகுதி) போட்டு, ரூட் செய்து (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்து), ஆப்பைக் கார்டுக்கு மாற்றும் லிங்க்2எஸ்டி என்ற ஆப்பைப் போட்டதெல்லாம் இதனால்தான். 6.0-இல் வந்தது வேறு: டேட்டாவும் சேர்ந்து போகும். ஆனால் 2016-இல் வந்த கேலக்ஸி எஸ்7, எல்ஜி ஜி5 இரண்டிலுமே அந்த வசதியை வெட்டிவிட்டார்கள். எனவே தென்றல் சொல்வது எல்லாப் போனுக்கும் பொருந்தாது.

அப்புறம் வேகம். "கிளாஸ் 10" என்று பார்த்து வாங்குகிறார்கள். அது வீடியோ மாதிரி ஒரே நீட்டாக எழுதும் வேகத்துக்கான குறி, நொடிக்கு 10 எம்பி. ஆப் கேட்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் வேகம். அதற்கான குறி ஏ1: நொடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்க, 500 முறை எழுத முடிய வேண்டும். ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் ஏ2 வேகம் முழுசாகக் கிடைக்கப் போனும் ஒத்துழைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் காசு வீண்.

தென்றல்:
நானும் ஏ1 கார்டைத்தான் சொல்கிறேன். கார்டு மெதுவாக இருந்தால் ஃபார்மட் செய்யும்போதே போன் எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல் தாண்டிவிட்டு ஆப் நின்று நின்று ஓடுகிறது என்றால் வசதி மேல் குற்றமில்லை.

நிலா:
எங்க அம்மா போன் 32 ஜிபி. வாட்ஸ்அப், ஜிபே, ரெண்டு கேம், நிறைய போட்டோ. என்ன செய்யட்டும் அண்ணா?

பட்டறைக்காரர்:
கார்டைச் சாதாரணமாகவே போடும்மா. கேமரா செட்டிங்கில் "கார்டில் சேமி" என்று வை. வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்து. பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடும்.

தென்றல்:
அது பாதிதான் அண்ணே. வாட்ஸ்அப் மீடியாவைக் கார்டில் சேமிக்க அந்த ஆப்பில் வழியே இல்லை. டவுன்லோடை நிறுத்தினால் பேரனுடைய வீடியோவைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அம்மா தொட்டுத் தொட்டு இறக்க வேண்டும். இன்டர்னலாக ஃபார்மட் செய்து "டேட்டாவை நகர்த்து" கொடுத்தால் மொத்தமும் கார்டுக்குப் போய்விடும்.

பட்டறைக்காரர்:
அதைத்தான் செய்யாதே என்கிறேன். வாட்ஸ்அப் தினமும் போனிலேயே எடுக்கிற பேக்கப்பும் அந்த மீடியாவோடுதான் இருக்கிறது. நகர்த்தினால் அதுவும் கார்டுக்குப் போகும். கார்டு போகிற அன்றைக்கு அசலும் நகலும் சேர்ந்து போகும். கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். 2024 முதல் அது இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கிறது. பலருடைய டிரைவ் நிரம்பி, பேக்கப் எப்போதோ நின்றிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

பழைய ஆண்ட்ராய்டு:
நகர்த்தச் சொல்லிக் கேட்கும்போது "பிறகு" என்று தள்ளிவிடலாமே. அப்போது புதிதாக ஏற்றும் ஆப்களில் கார்டில் ஓட அனுமதிப்பவை பெரும்பாலும் கார்டுக்குப் போகும், போட்டோ போனிலேயே இருக்கும். கேம் போனால் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஜிபேயை மட்டும் போனிலேயே வையுங்கள். கார்டு ஒரு நிமிடம் நழுவினாலும் கடையில் பணம் கட்ட முடியாமல் நிற்க வேண்டிவரும்.

தென்றல்:
இதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் 32 ஜிபியில் இடத்தை அடைப்பது போட்டோவும் வீடியோவும்தான். அவற்றைப் போனிலேயே விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி ஃபுல். நான் நகர்த்தத்தான் சொல்வேன், மாதம் ஒருமுறை கணினிக்கு நகல் எடுக்கச் சொல்லி.

பட்டறைக்காரர்:
அம்மா வீட்டில் கணினி இருக்கிறதா நிலா?

நிலா:
இல்லை அண்ணா. நான் ஊருக்குப் போகும்போது லேப்டாப் கொண்டுபோனால்தான் உண்டு. தீபாவளிக்குத்தான் போவேன்.

பட்டறைக்காரர்:
அப்படியென்றால் சாதாரணக் கார்டாகவே இருக்கட்டும். வாங்கியதும் உன் லேப்டாப்பில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கொள்ளளவையும் ஒருமுறை சோதித்துவிட்டு அனுப்பு. 64 என்று அச்சடித்து உள்ளே 8 இருக்கிற போலிகள் நிறைய வருகின்றன.