உதவி: 11 ஜிபி வீடியோ 2 ஜிபிக்குள் வரமாட்டேன் என்கிறது, சப்டைட்டிலும் காணாமல் போகிறது

அல்சூர்க்காரி (வெள்ளி, இரவு 11:20)
அவசரம். ஞாயிறு காலைக்குள் வேண்டும். 11 ஜிபி வீடியோ, 2 ஜிபிக்குள் வர வேண்டும், சப்டைட்டில் போகக்கூடாது. சுருக்கினால் 3.1 ஜிபி வருகிறது, அதிலும் ஒரு சப்டைட்டில்தான் இருக்கிறது. இரண்டு தடவை ஓடவிட்டேன், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். யாராவது சரியான கமாண்ட் கொடுங்கள் ப்ளீஸ்.

தள்ளுவண்டி
எந்த மென்பொருள்? எத்தனை நிமிட வீடியோ? சப்டைட்டில் தனி ஃபைலா, உள்ளேயே இருக்கிறதா? 2 ஜிபி கணக்கு எதற்கு? இதெல்லாம் தெரியாமல் என்னவென்று சொல்வது?

கே.ஆர்.புரம்_பையன்
பென்டிரைவில் ஏற்றி டிவியில் போடத்தானே அக்கா? அப்படியென்றால் சுருக்கவே வேண்டாம். பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் 11 ஜிபியும் அப்படியே போகும். எங்கள் வீட்டில் இதே பிரச்சினைதான் வந்தது.

பிட்ரேட்_வாத்தியார்
மேடம், ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்துகூடப் பார்க்காமல் இங்கே கேட்பது, ஜுரம் எவ்வளவு என்று பார்க்காமல் டாக்டருக்கு போன் போடுவது மாதிரி. வாரத்துக்கு நாலு பேர் இப்படித்தான் வருகிறார்கள், நானும் இதையேதான் எழுதுகிறேன். வீடியோ கோடெக் (சுருக்கும் முறை), ஆடியோ கோடெக், நீளம், சப்டைட்டில் வகை, நீங்கள் ஓட்டிய கமாண்ட், எல்லாவற்றையும் போடுங்கள், பிறகு பேசலாம்.

பீன்யா_பிரபு
எச்265 என்கிற புதிய சுருக்கு முறைக்கு மாறுங்கள். பழைய எச்264-க்கு ஆகிற இடத்தில் ஏறக்குறைய பாதி போதும். வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

தள்ளுவண்டி
பிரபு அண்ணா, எந்த இழைக்குப் போனாலும் இதே மருந்துதானா? எச்264-க்கே மூன்று மணி நேரம் ஆகும் கணினியில் எச்265 ஓட்டினால் ஞாயிறு தாண்டிவிடும். ஃபைலைப் பெறுகிறவர் பழைய போன் வைத்திருந்தால் படம் திக்கித் திக்கி ஓடும்.

அல்சூர்க்காரி (சனி, காலை 7:05)
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைத்தான் பயன்படுத்தினேன், என் தம்பி எழுதிக்கொடுத்த கமாண்ட் வரி. 2 மணி 20 நிமிடம், எம்கேவி ஃபைல். பாட்டிக்கு 80 முடிகிறது, அதற்காக அவரைப் பேசவைத்து எடுத்தது. கோலார் தங்கவயலில் வளர்ந்தது, தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிஃப்ட் போனது, சங்கு ஊதும் நேரம், 2001-இல் சுரங்கம் மூடியதும் பெங்களூர் அல்சூருக்கு வந்தது, எல்லாம் சொல்கிறார். கன்னடம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று என இரண்டு சப்டைட்டில் உள்ளேயே இருக்கின்றன. மாற்றினால் கன்னடம் மட்டும் வருகிறது. மும்பையில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் தேவை. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும், அதற்குத்தான் 2 ஜிபி. முதலில் சிஆர்எஃப் (தர அளவு, எண் கூடினால் தரம் குறையும்) 23 வைத்தேன், 3.1 வந்தது. 28 வைத்தேன், பாட்டி முகத்துச் சுருக்கமெல்லாம் மெழுகு தடவினமாதிரி வழுவழு என்று ஆகிவிட்டது, அப்படியும் 2.4. சப்டைட்டில் இரண்டு இருப்பதால்தான் அளவு ஏறுகிறதா? ஆடியோ 'காப்பி' என்று இருக்கிறது, அதில் பிசிஎம் என்று ஏதோ காட்டுகிறது.

மைசூர்_ரோடு
கன்னட சப்டைட்டில் டிவியில் உடைந்துதான் தெரியும், ஒத்தக்ஷரம் (கூட்டெழுத்து) எல்லாம் பிய்ந்துபோகும். எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்து எரித்துவிடுங்கள், போகவும் போகாது, உடையவும் உடையாது.

தள்ளுவண்டி
இரண்டு மொழியையும் எரித்தால் பாதித் திரை எழுத்தாகிவிடும். பாட்டி முகத்தை எங்கே பார்ப்பது? எரித்ததை அப்புறம் அணைக்கவும் முடியாது.

செந்தமிழ்ப்_பித்தன்
எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பாட்டி தமிழில் பேசுகிறார், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். சப்டைட்டிலுக்குச் செலவிட்ட நேரத்தில் தமிழ் கற்றுக்கொடுத்திருக்கலாமே.

அல்சூர்க்காரி
என் அண்ணி கன்னடக்காரர். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் கன்னட வரிகளை உட்கார்ந்து எழுதியது அவர்தான், பாட்டி சொல்வது புரிய வேண்டும் என்று. பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும்போது கீழே அர்த்தம் ஓடட்டும், அப்படித்தான் வரும். தயவுசெய்து இதை இங்கே விடுங்கள்.

செந்தமிழ்ப்_பித்தன்
தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூரில் மூன்றாம் தலைமுறைக்குத் தமிழ் எழுத்தே தெரியவில்லை என்கிற வருத்தத்தில் சொன்னேன்.

மைசூர்_ரோடு
வருத்தம் சரி, இடம் இதுவல்ல. பாவம், அவர் அவசரத்தில் இருக்கிறார்.

பிட்ரேட்_வாத்தியார்
விவரம் வந்தாயிற்று, இப்போது கேளுங்கள். சிஆர்எஃப் தரத்தைப் பிடித்துக்கொள்ளும், அளவைப் பிடிக்காது. அளவு வேண்டுமென்றால் இரண்டு சுற்று ஓட்ட வேண்டும், முதலில் அளக்கும், அடுத்ததில் சுருக்கும். 1900 எம்பி இலக்கு, 8400 விநாடி. 1900-ஐ 8000-ஆல் பெருக்கி 8400-ஆல் வகுத்தால் 1809 கேபிபிஎஸ் (விநாடிக்குக் கிலோபிட்). ஆடியோவுக்கு 128 கழித்து, எம்கேவி உறைக்குக் கொஞ்சம் விட்டு, வீடியோவுக்கு 1650 வையுங்கள். 'மேப் 0' (எல்லாத் தடத்தையும் எடு) போடாமல் விட்டால் எஃப்எஃப்எம்பெக் வகைக்கு ஒரு தடம்தான் எடுக்கும், உங்கள் ஆங்கிலம் அங்கேதான் விழுந்தது. எழுத்துச் சப்டைட்டில் இரண்டும் சேர்ந்தாலும் சில நூறு கேபி, அதைச் சந்தேகப்படாதீர்கள்.

தள்ளுவண்டி
வாத்தியார் சொல்வது சரி, ஆனால் ஆடியோவை யாரும் பார்க்கவில்லையே! பிசிஎம் என்றால் சுருக்காத ஒலி. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் 1536 கேபிபிஎஸ். 8400 விநாடிக்கு 1.6 ஜிபி! உங்கள் 3.1-இல் பாதிக்கு மேல் ஒலிதான், 28 வைத்தும் இறங்காததற்கு அதுதான் காரணம். படத்தை மறுபடி சுருக்கவே வேண்டாம். அந்த 3.1 ஜிபி ஃபைலை அழிக்கவில்லை என்றால் அதை முதல் உள்ளீடாகவும், 11 ஜிபி ஒரிஜினலை இரண்டாவது உள்ளீடாகவும் கொடுங்கள். மேப் 0:வி, மேப் 0:ஏ, மேப் 1:எஸ், அதாவது படமும் ஒலியும் முதலாவதிலிருந்து, சப்டைட்டில் இரண்டாவதிலிருந்து. வீடியோவும் சப்டைட்டிலும் காப்பி, ஆடியோ மட்டும் ஏஏசி (சுருக்கிய ஒலி) 128கே. எம்கேவியாகவே வையுங்கள். சில நிமிட வேலை, 1.6 ஜிபிக்குப் பக்கத்தில் வரும்.

பிட்ரேட்_வாத்தியார்
இது வேகமான வழி, ஒப்புக்கொள்கிறேன். நேரம் இருந்தால் இரண்டு சுற்றே ஓட்டுங்கள். 2 ஜிபி வரை இடம் இருக்கும்போது அதைப் படத்துக்குக் கொடுப்பதுதான் முறை.

கே.ஆர்.புரம்_பையன்
அக்கா, அனுப்பும்போது வீடியோவாகப் போடாதீர்கள், அது தானாகச் சுருக்கிவிடும். பெறுகிறவர்களை விஎல்சி ப்ளேயரில் திறக்கச் சொல்லுங்கள், சப்டைட்டில் தடத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

அல்சூர்க்காரி (சனி, மாலை 6:40)
1.63 ஜிபி. இரண்டு சப்டைட்டிலும் இருக்கின்றன, முகச் சுருக்கமும் அப்படியே இருக்கிறது. தள்ளுவண்டி அண்ணா, ரொம்ப நன்றி. மும்பைக்கு அப்லோட் ஓடிக்கொண்டிருக்கிறது, 40 சதவீதம்.

பீன்யா_பிரபு
எச்265-இல் 1 ஜிபிக்குள்ளேயே வந்திருக்கும்.