பழைய கேம் சீடிகளைக் காப்பாற்றியவர்கள் இங்கே சொல்லுங்கள்

வாவிக்கரை:
மட்டக்களப்பு டவுனில் ஒரு நெட் கபேயை மூடும்போது சீடிப் பெட்டியை அப்படியே என்னிடம் தந்துவிட்டார்கள். ரோட் ராஷ், குவேக், இன்னும் என்னென்னவோ. பாதிக்கு மேல் பூஞ்சணம். பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தால் எங்கள் ஊர்க் காற்றுக்கு அப்படித்தான் ஆகும். வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துப் படித்துவிடும், சுற்றி விழும் கீறலைச் சமாளிக்காது.

குவேக் மட்டும் ஒரிஜினல். அதை மச்சான் ஒருவன் முன்பே ஐஎஸ்ஓவாக, அதாவது சீடியின் தரவை ஒரே கோப்பாக, எடுத்து வைத்திருந்தான். விண்டோஸுக்கு முந்தைய டொஸ் கேம்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டும் டொஸ்பொக்ஸில் போட்டால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, பின்னணி இசை இல்லை. 1996இல் வந்த அந்த சீடியில் முதல் டிராக்தான் கேம். மிச்சமெல்லாம் பாட்டு சீடியில் இருப்பது போன்ற இசை டிராக்குகள், நைன் இஞ்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் அமைத்தவை. ஐஎஸ்ஓ இசையை விட்டுவிடும். பின் (.bin), கியூ (.cue) என்று இரண்டு கோப்பாக எடுத்தால் முழுசும் வரும்.

கல்முனையான்:
ஒரிஜினலா! கொடுத்து வைத்தவர் அண்ணன். எங்கள் பக்கம் வந்ததெல்லாம் மார்க்கரால் பெயர் எழுதிய கொப்பி. வீடியோவையும் பாட்டையும் வெட்டிவிட்டு ஒரு சீடிக்குள் பல கேமை அடைத்திருப்பார்கள். பழைய மென்பொருளைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் 2015லேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டொஸ் கேம்களைப் பிரவுசரில் விளையாட விட்டுவிட்டது. குவேக்கைக் காப்பாற்ற நாங்கள் தேவையில்லை. ஆனால் இங்கே பிள்ளைகள் விளையாடியது இந்த வெட்டுக் கொப்பிகளைத்தான். சீடியின் முகத்தையும் சேர்த்து ஸ்கான் பண்ணி வைக்கிறேன். பொதுவில் ஏற்ற முடியாது, சரி, ஹார்ட் டிஸ்கில் கிடக்கட்டும்.

அக்கரை டீச்சர்:
தம்பிமாரே, என்னிடம் இருப்பது கடைக்கே வராதது. அக்கரைப்பற்றில் எங்களோடு படிப்பித்த சேர் ஒருவர் தரம் 1 பிள்ளைகளுக்குச் செய்த எழுத்து விளையாட்டு. நீந்திப் போகும் மீன்களில் சரியான எழுத்துள்ள மீனைக் கிளிக் பண்ண வேண்டும். பிரவுசரில் ஓடும் கேம் செய்ய அப்போது பயன்பட்ட பிளாஷில் செய்தது. 2020 டிசம்பர் 31உடன் பிளாஷ் நின்றபின் எந்தப் பிரவுசரும் திறக்கவில்லை. பிரவுசர் இல்லாமல் தனியே ஓடும் பிளாஷ் பிளேயரில் போட்டேன், திறந்தது. ஆனால் 'அ' இருக்க வேண்டிய மீனின் வயிற்றில் ஆங்கில எம், 'இ' மீனில் வெறும் காற்புள்ளி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பாமினி எழுத்துருவில் சேர் செய்திருக்கிறார், என் புது லெப்டொப்பில் பாமினி இல்லை. போட்டதும் மீன்களெல்லாம் தமிழுக்குத் திரும்பிவிட்டன. இப்போது கேம், பிளேயர், பாமினி மூன்றும் ஒரே சிப் கோப்பில் இருக்கின்றன. சேரிடம் அனுமதியும் வாங்கியாச்சு. எங்கே ஏற்றலாம், சொல்லுங்கள்.