கலைச்சொல் வேண்டும்: பழைய கையெழுத்தை வாசித்து எழுதுவதற்கு

அன்பர்களே,
குடும்ப வரலாற்று வகுப்பின் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய ஏட்டிலும் பத்திரத்திலும் உள்ள பெயர்களை எழுத்துக்கூட்டி, உள்ளது உள்ளபடி எழுதிவைக்கும் வேலைக்கு ஒரு சொல் வேண்டும். "படியெடுத்து வாருங்கள்" என்றேன். பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுத்து வந்தார்கள்.
— வகுப்பாசிரியை

'பிரதி செய்தல்' போதுமே அம்மா. எல்லாருக்கும் புரியும்.
— மொழிபெயர்ப்பாளன்

> பிரதி செய்தல்

வடசொல். 'படி' இருக்கப் பிரதி எதற்கு? படிதல், படிவம், படிமம் எல்லாம் ஒரே வேர். ஜெராக்ஸ் மாணவர் பிழை, சொல்லின் பிழையன்று.
— தனித்தமிழன்

ஐயா, பிராகிருதத்தில் 'பிரதி' என்பதே 'படி' என்றுதான் நிற்கும். வேரைத் தோண்டினால் யார் வீட்டுக் கிணறு வருமோ! எங்கள் துறையில் படியெடுத்தல் என்றால் கல்லில் தாளை ஒற்றி மை தட்டுவது. வாசிப்பது அதற்கு அடுத்த வேலை. உயிரை வாங்கும் வேலை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். வரதன் வாதன் ஆவான், பரமன் பாமன் ஆவான். ஊகமும் சேர்ந்த இந்த வேலைக்கு 'எழுத்துத்துலக்கம்' பொருந்தும்.
— கல்வெட்டுக்காரன்

"மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்" என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. வைக்காமல் விட்டவன் எழுத்தாணிக்காரன். எங்கள் இலக்கணத்தைக் குறை சொல்லாதீர்.
— தனித்தமிழன்

யாரும் குறை சொல்லவில்லையே! 'துலக்கம்' என்றால் என் வகுப்பில் பாத்திரம் துலக்கப் போய்விடுவார்கள். சென்ற வாரம் ஒருவர் ௸ என்ற 'மேற்படி'க் குறியைப் பாட்டனாரின் தலைப்பெழுத்து என்று வம்சாவளியில் ஏற்றிவிட்டார். எளிய சொல் தாருங்கள்.
— வகுப்பாசிரியை

'பார்த்தெழுதல்'?
— மொழிபெயர்ப்பாளன்

அது தேர்வு அறையில் நடப்பது. 'பெயர்த்தெழுதல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைத்தானே எழுதுகிறார்கள், சிலேடையும் கிடைக்கும்.
— கல்வெட்டுக்காரன்

ஒரு மொழிச் சொல்லை வேறு மொழியின் எழுத்தில் எழுதும் எழுத்துப்பெயர்ப்போடு குழம்பும். இருந்தாலும் ஒப்புகிறேன், தூக்கம் வருகிறது.
— மொழிபெயர்ப்பாளன்

நான் ஒப்பவில்லை. இரண்டாம் பதிப்பில் 'படி' திரும்பும்.
— தனித்தமிழன்

'பெயர்த்தெழுதல்' என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.
— வகுப்பாசிரியை

ஒன்று விட்டுப்போயிற்று. ஐயமான எழுத்தின் அடியில் புள்ளி இடுவது பழைய எழுத்தைப் பதிப்பிக்க 1931இல் வகுத்த லெய்டன் குறியீட்டு முறை. புள்ளியே இல்லாத ஏட்டுக்கு நாம் இடும் அந்தப் புள்ளிக்கு என்ன பெயர்?
— கல்வெட்டுக்காரன்