சாயப்பட்டறை வெக்கையும் விந்தணு எண்ணிக்கையும்: அரசு ஓபியில் தீசிஸ் செய்ய முடியுமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. மகப்பேறு மருத்துவத்தில் பிஜி படிக்கிறேன், தீசிஸ் தலைப்பு கொடுக்கணும். திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர், கோவை பவுண்டரி வெக்கையில் நிற்கும் ஆண்களுக்கு விந்தணு குறைகிறதா என்று பார்க்க நினைக்கிறேன். அரசு ஆஸ்பத்திரி ஓபிக்குக் (புறநோயாளி பிரிவு) குழந்தையின்மைக்காக வரும் தம்பதிகளின் ரிப்போர்ட்டையே எடுத்துக்கலாமா? 'செமன் அனாலிசிஸ் (விந்துப் பரிசோதனை) தானே, சுலபம்' என்கிறார் கைடு.

லேப் மேசை:
மலிவுதான், சுலபமில்லைங்க. ஓபி ரிப்போர்ட்டை முதலில் புரட்டிப் பாருங்க. மிலிக்கு விந்தணு 40, 60, 80 மில்லியன் என்றே இருக்கும், 37 என்று ஒன்று வராது. எண்ணாமல் கண்பார்வையில் எழுதினதுக்கு அதுவே சாட்சி.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி போங்க. உறவு தவிர்ப்பு 2 முதல் 7 நாள். எத்தனை நாள் என்பதையும் குறிக்கணும். விந்தின் அளவுக்கு, சாம்பிள் டப்பாவை முன்னும் பின்னும் எடை போடுங்க, 1 கிராம் 1 மிலி. சிரிஞ்சில் இழுத்தால் உள்ளே ஒட்டிக்கிட்டுக் குறைத்துக் காட்டும். நியூபார் சேம்பரில் (அணு எண்ணும் கட்டம்போட்ட கண்ணாடி) தனித்தனியாக இரண்டு தடவை நீர்த்து, தடவைக்கு 200 அணுவாவது எண்ணணும். மொத்தம் 400 வரும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 39-ஐத் தாண்டினால் தூக்கிப்போட்டு மறுபடி எண்ணுங்க. 400 எண்ணினால் பிழை 5%, 100-ல் நிறுத்தினால் 10%. யார் பவுண்டரி, யார் ஆபீஸ் என்பது எண்ணுகிறவருக்குத் தெரியவே கூடாது.

மிலிக்கு 16 மில்லியன் என்ற கோட்டை வைத்து ஆளைப் பிரிக்காதீங்க. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலேயே 5% பேர் அதுக்குக் கீழேதான்.

ஊர்நலம்:
அண்ணா சொன்னது லேப் கதை. ஆள் எடுக்கும் இடமே தப்புங்க. ஓபிக்கு வருகிறவர் ஏற்கெனவே குழந்தை இல்லாதவர். அதிலும் பல வீட்டில் பொம்பளையை மட்டும் அனுப்புவாங்க. பட்டறைக்கே போங்க. பாய்லர், ஸ்டென்டர் (சூட்டில் துணி உலர்த்தும் மெஷின்) ஆட்கள் ஒரு பக்கம், அதே கம்பெனி பேக்கிங், குடோன் ஆட்கள் மறுபக்கம். புகை, மது, நைட் ஷிப்ட், கடந்த 3 மாதத்தில் காய்ச்சல் எல்லாம் கேட்கணும். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் என்பதால் சித்திரைக் காய்ச்சல் ஆனி சாம்பிளில் தெரியும். ஒரு குழுவைக் கோடையிலும் இன்னொன்றை மார்கழியிலும் எடுத்தால் அத்தனையும் வீண்.

சாம்பிள் தர ஆள் கிடைக்காவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகளிடம் எத்தனை மாசத்தில் உண்டாச்சு என்று கேட்டு, கணவர் வேலையோடு பொருத்தலாம். செலவே இல்லை. உண்டாகாதவர்கள் இதில் விடுபடுவாங்க என்பது பெரிய குறை. வடமாநிலத் தொழிலாளர்களில் மனைவி ஊரில் இருப்பவர் அதிகம். சேர்ந்திருந்த மாசத்தை மட்டும் கணக்கில் எடுக்கணும்.

நொய்யல்கரை:
நன்றிங்க அக்கா, அண்ணா. அவிநாசி ஆட்களை வீட்டிலிருந்தே சாம்பிள் கொண்டுவரச் சொல்லலாமா?

லேப் மேசை:
வேண்டாமுங்க. 30 நிமிஷத்தில் லேபுக்கு வரணும், மிஞ்சினால் 50. வண்டி டேங்க் கவரில் வெயில் பட்டு வந்தால் அசைவு போயிரும். ஆணுறையில் எடுத்ததும் ஆகாது. முதல் பங்கு சிந்திவிட்டது என்றால் அந்தச் சாம்பிளே வேண்டாம், அணு அதிகம் அதில்தான். தாழ்ப்பாள் போடுகிற ஒரு அறை கேட்டு வாங்குங்க.

பவானிக்கூடல்:
இதெல்லாம் சின்ன ஆய்வு என்று கைடு தட்டிக்கழித்தால் லெட்ரோசோல் கதையைச் சொல்லுங்க. அது கருமுட்டை வளரக் கொடுக்கும் மாத்திரை. 2011-ல் குழந்தையின்மைக்கு அந்த மருந்து இந்தியாவில் தடை. 2014-ல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள 750 பெண்களிடம் செய்த ஆய்வில் குழந்தை பிறந்தது லெட்ரோசோலில் 27.5%, பழைய மருந்தான குளோமிபினில் 19.1%. 2017-ல் இங்கே தடை நீங்கியது. அத்தனை பிசிஓஎஸ் பெண்கள் நம்ம ஓபி வரிசையில் நிற்க, பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. முடியாத வேலையும் இல்லை: 1986-ல் ஹர்ஷா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது மும்பை மாநகராட்சியின் கேஇஎம் மருத்துவமனையில், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) விஞ்ஞானிகளோடு சேர்ந்து.

அணுவே இல்லை என்று வருகிற ஆளுக்கு என்ன செய்வீங்க என்பதை எதிக்ஸ் கமிட்டிக்கு முன்னாடியே எழுதிக் கொடுங்க: சென்ட்ரிபியூஜில் சுற்றி மறுபடி பார்ப்பது, இரண்டாவது சாம்பிள், எப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் டெஸ்ட், யூராலஜி ஓபி. முடிவை அவரிடம் மட்டும் சொல்லணும். பட்டறை சூப்பர்வைசர் காதுக்குப் போனால் அடுத்த ஆள் சாம்பிள் தரமாட்டார்.