வெள்ளைக் கன்வஸில் குமிழ் பின்னேரம் குழியாகத் தெரிகிறது: நிழலைத் தீட்டிவிடலாமா?

கல்லடிக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சித்திரம் படிப்பிக்கிற ஆள். வீடு மட்டக்களப்பில் கல்லடியில், களப்புத் தண்ணீர்ப் பக்கம். இரண்டு வருசமாக ஒரே வேலைதான் செய்கிறேன். மருதமுனைக் கைத்தறித் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, பின்னாலிருந்து மரக்கட்டையால் முன்னுக்குத் தள்ளிக் குமிழ் எழுப்பி, மேலே வெள்ளை மட்டும் பூசுவது. சட்டமும் நேர்ச்சதுரமில்லை. ஒன்றின் மேல்விளிம்பு தோணியின் அணியம் (முன்முனை) போல ஏறி நிற்கும், இன்னொன்றின் அடி வளைந்து போகும். கோடு இல்லை, நிறம் இல்லை. நிழல் விழுந்தால்தான் அதில் பார்க்க ஏதாவது உண்டு.

இது எங்கே தொடங்கியது என்று சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். அப்பா இறந்த 31ஆம் நாள் அமுதுக்கு (நினைவுச் சாப்பாட்டுக்கு) முற்றத்துப் பந்தலில் வெள்ளை கட்டியிருந்தார்கள். முதல்நாள் இரவு எல்லாரும் படுத்த பிறகு ஓரத்தில் ஒரு பல்ப் மட்டும் எரிந்தது. கயிறு தாங்கிய இடத்தில் துணி வெளிச்சமாயும், தொய்ந்த இடத்தில் சாம்பலாயும், நடுவில் எங்கே மாறுகிறது என்று பிடிக்க முடியாத மாதிரியும் கிடந்தது. விடியும்வரை அதற்குக் கீழேயே இருந்தேன். அந்தச் சாம்பலை யாரும் பூசவில்லை என்பதுதான் எனக்குள் நின்றுவிட்டது.

இப்போது இரண்டு பிரச்சினை. முதலாவது, என் மாடி அறை யன்னல் களப்பைப் பார்த்தது. பின்னேரம் ஐந்து மணிபோல முகத்தில் வெயில் அடிப்பதால் மேல்கதவை மூடிவிட்டு வேலை செய்வேன். அந்த நேரம் பக்கச்சுவரில் தொங்குகிற துணியில் குமிழெல்லாம் குழியாகிவிடுகிறது. கையால் தொட்டால் மேடு, கண்ணுக்குப் பள்ளம். காலையில் பார்த்தால் திரும்ப மேடு.

இரண்டாவது, போன மாதம் ஒரு மண்டபத்தில் இரண்டு வேலையை வைத்தேன். கூரை முழுக்க ரியூப் லைற். குமிழ் ஒன்றரை அங்குலம் எழும்பி நின்றும் துணி வெறும் பலகை மாதிரிக் கிடந்தது. வந்த ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், "டீச்சர், இதுக்கு எப்ப பெயின்ற் அடிப்பீங்க?" என்று. எனக்கு நெஞ்சடைத்துப் போனது. கூட வேலை செய்கிற ஒருவர், "மெல்லிய சாம்பலால் நிழலைத் தீட்டிவிடு, எந்த வெளிச்சத்திலும் தெரியும்" என்கிறார். செய்யலாமா? செய்தால் அது அந்த வெள்ளைக்குச் செய்கிற பொய்யாகிவிடாதா?

---

மூத்தசித்திரன் (மட்டக்களப்பு) எழுதியது:

பிள்ளை, தீட்டாதே. காரணத்தைச் சொல்கிறேன்.

வெளிச்சம் மேலேயிருந்து வரும் என்றுதான் கண் வழமையாக எடுத்துக்கொள்ளும். மேல்பக்கம் வெளுத்து அடிப்பக்கம் இருண்டால் மேடு, மாறியிருந்தால் பள்ளம். உன் யன்னலில் மேல்கதவைச் சாத்தினால் கீழ்த்திறப்பால் வருகிற நேர்வெயில் தரையில் விழும். களப்புத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிறது மட்டும் கீழிருந்து மேலே ஏறிச் சுவருக்குப் போகும். உன் குமிழுக்கு அடியிலிருந்து விளக்குப் பிடித்த மாதிரி. கண் அதை ஒத்துக்கொள்ளாமல் மேட்டைக் குழியாக வாசித்துவிடுகிறது. நிலாவின் பள்ளங்களைப் பிடித்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார், பள்ளமெல்லாம் கொப்புளமாக எழும்பும். இப்ப நீ சாம்பலால் நிழல் தீட்டினால், பின்னேரம் தீட்டிய நிழல் ஒரு பக்கமும் விழுகிற நிழல் மறுபக்கமுமாக இரண்டும் சண்டை பிடிக்கும். தீட்டிய நிழல் நகராது. உன் வேலையின் உயிரே நகர்வதில்தான் இருக்கிறது.

இந்த வழியில் உனக்கு முன்னே போனவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் என்றிகோ காஸ்தெல்லானி 1959இல் தொடங்கி, 2017இல் இறக்கும்வரை ஏறத்தாழ இதையே செய்தார். துணிக்குப் பின்னால் ஆணி வரிசை முன்னுக்குத் தள்ளும், முன்னாலிருந்து அடித்த ஆணி உள்ளே இழுக்கும், பெரும்பாலும் ஒரே நிறம். மேடும் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் நிழல் மற்றதன் சரிவில் போய் விழும். உன்னிடம் மேடு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சில இடத்தில் உள்ளே இழுத்தும் பார். நெதர்லாந்தில் யான் ஸ்கூன்ஹோவன் பகலில் தபால் திணைக்கள வேலை, இரவில் வீட்டில் கடதாசியையும் மட்டையையும் ஒட்டிச் சின்னச் சின்ன அறைகளாக்கி வெள்ளை பூசுவார். பெரிய பட்டறை வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு அவரைத்தான் நான் சொல்வது.

ஆனால் உன் அப்பாவின் கதையைப் படித்ததும் எனக்கு வேறொருவர்தான் ஞாபகம் வந்தார். சில்யா சான்செஸ் என்ற ஓவியர், 1926இல் ஹவானாவில் பிறந்தவர், பிறகு புவேர்த்தோ ரிக்கோவில் இருந்தார். தகப்பன் இறந்த பிறகு அவருடைய படுக்கைவிரிப்பைக் கூரையில் காயப்போட்டிருக்க, காற்றில் அது ஒரு கம்பத்தில் மோதிப் புடைத்ததைக் கண்டாராம். அந்தப் புடைப்பைத்தான் பிறகு ஆயுள் முழுக்கத் துணியில் எழுப்பினார். 2017இல் மரியா சூறாவளி அவருடைய கலைக்கூடத்தின் கூரையைப் பிய்த்துவிட்டது. அப்போது வயது தொண்ணூறு கடந்திருந்தது, திரும்பவும் வேலை செய்தார். 1978இல் மட்டக்களப்பில் அடித்த சூறாவளியில் கூரை போன வீட்டில் இருந்தவன் நான், அதனால் அந்த மனிசியை நினைத்தால் எனக்கு மதிப்புக் கூடும். உன் வெள்ளையும் அவருடைய விரிப்பும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இதை நீ பொய்யாக்க வேண்டியதில்லை.

ஒரு சோதனை செய்: கிழக்குப் பார்த்த வெளிச்சுவரில், கூரை நீட்டம் மறைக்காத இடத்தில், மத்தியானத்துக்கு அரைமணி முன் ஒரு துணியைத் தூக்கிப் பார். வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். உன் குமிழ் என்ன என்று அப்போது தெரியும்.

---

மேடைவெளிச்சம் (சாய்ந்தமருது) எழுதியது:

டீச்சர், நான் கலியாண மண்டபம், நாடக மேடைக்கு லைற் போடுற ஆள். ஓவியம் தெரியாது, ஆனால் உங்கட மண்டபத்தில் நடந்தது எனக்கு விளங்குது.

கூரை முழுக்க ரியூப் லைற் எண்டால் வெளிச்சம் எல்லாப் பக்கத்தாலும் வரும். ஒண்டு போடுற நிழலை மற்றது அழிச்சுப்போடும். அது முதலாவது. இரண்டாவது, உங்கட குமிழ் ஒன்றரை அங்குலம் எண்டீங்க. துணி அந்த உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தட்டையாகுது? ஆறு அங்குலம் எண்டு வைப்பம். அப்ப சரிவு 14 பாகைதான். லைற் சுவரோட 14 பாகையை விடக் கூடின சாய்வில் வந்தால் அந்தக் குமிழுக்கு விழுநிழலே இல்லை, மற்றப் பக்கம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். சாதாரணமாகப் படத்துக்கு லைற்றைச் சுவரோட 30 பாகை சாய்ச்சுத்தான் வைப்பாங்க. கண்ணாடி மினுங்காமல் இருக்க அது நல்லம், உங்களுக்குச் சரிவராது.

உங்களுக்கு வேணும் எண்டது ஒரே ஒரு ஸ்பொட் லைற். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, படத்தின் நடுவுக்கு ஐந்து அடி மேலே. 11 பாகை கிட்ட வரும். மூன்று அடி உயரத் துணி எண்டால் மேல்வரிசைக்கு 16 பாகை, அடிவரிசைக்கு 9க்குக் கிட்ட. அதனால் மேலே நிழல் விழாது, கீழே போகப்போக நீளும். எல்லா வரிசையும் ஒரே மாதிரி வேணும் எண்டால் மேல்வரிசைக் கட்டையை உயர்த்துங்க. பால்க்கண்ணாடி போட்ட பெரிய லைற் எடுக்காதீங்க, நிழலின் விளிம்பு கரைஞ்சு போகும். சின்ன வாய் லைற் எண்டால் விளிம்பு வெட்டின மாதிரி நிக்கும். எது வேணும் எண்டது உங்கட மனசு.

மண்டபக்காரர் ரியூப் லைற்றை நிப்பாட்ட விடமாட்டார், அதையும் சொல்லிவைக்கிறன். முன்கூட்டிக் கதைச்சு, உங்கட மூலைக்கு மட்டும் சுவிட்ச் பிரிச்சுத் தாங்க எண்டு கேளுங்க.

---

நெசவுவீடு (மருதமுனை) எழுதியது:

எங்கட ஊர்த் துணி எண்டு கண்டதும் எழுதத் தோணிச்சு. டீச்சர், துணியில் கஞ்சி இருக்கும். அதை நல்லா அலசிக் காயவைக்காமல் இழுத்தீங்க எண்டால் மாரியில் தொய்யும், குமிழின் சரிவு மாறும். பாவு நூல் (நீளவாட்டு நூல்) இறுக்கம், ஊடை நூல் (குறுக்கு நூல்) கொஞ்சம் இளகும். அதனால் வட்டக் கட்டை வைச்சாலும் எழும்புறது வட்டமாக வராது, ஒரு பக்கம் நீளும். வட்டத்துக்குக் கிட்ட வேணும் எண்டால் துணியை மூலைவாட்டில் திருப்பி அடிச்சுப் பாருங்க, துணி வீணாகும்தான், ஆனால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குடுக்கும்.

இரும்பாணி வேண்டாம். உங்களுக்கும் எங்களுக்கும் கடல் பக்கத்தில. ஒரு மாரி போனால் வெள்ளையில் பழுப்புக் கறை வரும், அதை எடுக்கவே ஏலாது. பித்தளையோ துருப்பிடிக்காத ஆணியோ எடுங்க. சட்டத்தின் உள்விளிம்பைச் சரிவாக இழைச்சு விடச் சொல்லுங்க தச்சரிடம். இல்லாட்டி சட்டத்தின் கோடு துணியில் பதியும், அதுவும் ஒரு நிழலாத்தான் தெரியும்.

---

கல்லடிக்காரி திரும்ப எழுதியது:

உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்ல என்று தெரியவில்லை. பத்து நாள் எடுத்துச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மேல்கதவைத் திறந்து கீழ்க்கதவை மூடினேன். கண் கூசத்தான் செய்தது, ஆனால் ஐந்து மணிக்குக் குமிழ் குமிழாகவே நின்றது. ஐயா சொன்ன வெளிச்சுவரில் துணியைத் தூக்கிப் பிடித்தபோது நான் இவ்வளவு காலமும் பார்க்காத ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் நாக்கு மாதிரி ஒரு நிழல், அதற்குள்ளே துணியின் இழை ஒவ்வொன்றும். பத்துப் பன்னிரண்டு நிமிசம் போக நாக்குகள் நீண்டு ஒன்றோடொன்று தொட்டன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பந்தல்ல கட்டின வெள்ளை மாதிரி" என்றார். நான் அவரிடம் அந்த இரவைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

என் குமிழின் சரிவை அளந்தேன், 12 பாகைதான் வருகிறது. மேல்வரிசைக் கட்டைகளை இரண்டேகால் அங்குலமாக்கித் திரும்ப இழுக்கிறேன், இந்த முறை மூலைவாட்டில். கஞ்சி அலசின தண்ணீர் பால் மாதிரி வந்தது. அதை நினைத்தால் முன்பு செய்த நாலு துணியின் நிலை பயமாக இருக்கிறது. அவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.

சாம்பல் பூசவில்லை. பூசமாட்டேன்.

ஒன்று மட்டும் ஐயாவிடம் கேட்க வேண்டும். அணியம் மாதிரி விளிம்பு ஏறின துணியைப் பழைய இடத்திலேயே விட்டு, அதற்கு மட்டும் பின்னேரம் பழையபடி மேல்கதவைச் சாத்துகிறேன். குழியாகத் தெரியும்போது தண்ணீரின் அசைவும் சேர்ந்து அதற்குள் ஓடுகிறது, ஒரு கால்மணித்தியாலம். அது பிழையாக வந்ததுதான், ஆனால் எனக்கு விட மனமில்லை. இதை மட்டும் அந்த யன்னலோடு சேர்த்தே காட்டலாம் என்று நினைக்கிறேன், பார்க்க வருகிறவர்களை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லி. உங்களுக்கு என்ன படுகிறது?

---

மூத்தசித்திரன் எழுதியது:

கூப்பிடு, நானும் வருகிறேன். மழை தொடங்குமுன் வைத்துக்கொள், கார்த்திகை பிறந்தால் அந்த வெயிலை நம்ப முடியாது.