மறுமொழி: ஹைப்போகிளைசீமியாவுக்கு 'குறைவு' வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமீறி இறங்கிவிடும் ஹைப்போகிளைசீமியாவுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதானே பேச்சு. செவிலியர் கையேட்டில் 'இரத்தச் சர்க்கரைக் குறைவு' என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம். பொருளில் பிழையில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பாம்பனில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். விடியக்காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கரைவலை இழுக்கப் போயிருக்கிறார் ஒரு பெரியவர். வந்து பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுக்கத்தில் விரலைப் பிடித்துக் குத்தவே முடியவில்லை. கருவியில் 58. "சர்க்கரை குறைஞ்சிருக்குய்யா" என்றேன். "அதுக்குத்தானம்மா இம்புட்டு நாளா ஊசி போடுறேன்" என்று சிரிக்கிறார்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'குறைங்க, குறைங்க' என்று வருஷக்கணக்காக ஓதியதே நாங்கள்தான்.

என் பரிந்துரை: சர்க்கரைத் தாழ்வு. காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொன்னால் போதும், இங்கே படகைக் கட்டிப்போட்டுவிட்டு பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏறியிருக்கிறது என்று விசாரிப்பார்கள். டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்வு, 54க்குக் கீழே ஆழ்ந்த தாழ்வு. அடுத்தவர் கைகொடுத்தால்தான் மீளலாம் என்ற மூன்றாம் படிக்கு எனக்குச் சொல் அகப்படவில்லை.

> ஏற்ற இறக்கத்தைச் 'சர்க்கரை ஓதம்' எனலாமே? கடற்கரைக்குப் பொருத்தம்.

அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, நேரம் தவறாது. நம்ம பக்கம் ஒரு மீட்டர்கூட ஏறாது. சர்க்கரை அப்படியா? காலையில் 58, கருப்பட்டிக் காப்பியும் நாலு இட்லியும் உள்ளே போனபின் 260. 'அலைவு' பரவாயில்லை.

> 'தாழ்வு' என்றால் இழிவு என்றும் படுமே அக்கா. நோயாளி மனம் நோகாதா?

தனியே நின்றால் படும். 'சர்க்கரைத்தாழ்வு' என்று ஒட்டி எழுதிவிடுவோம். அந்தப் பெரியவரிடமே சொல்லிப் பார்த்தேன். "தாழ்வா? அப்ப புயலாயிருமா?" என்றார். கவனிக்காமல் விட்டால் ஆகும் என்றேன். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் குடித்தார். பதினைந்து நிமிஷம் கழித்து 84.

மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்ற வரியைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். மூன்றாம் படிக்குச் சொல் யாரிடமாவது இருக்கிறதா?